காது கிழியாமல் ஒரு தலை: மெழுகு வார்க்க ரப்பர் அச்சு செய்யும் முழு முறை

களிமண்ணில் ஒரு தலை செய்துவிட்டீர்கள். நன்றாக வந்திருக்கிறது. அதை அப்படியே பிளாஸ்டரால் மூடி அச்செடுத்தால், காதுமடலுக்குப் பின்னாலும் நாசித் துவாரத்துக்குள்ளும் முகவாய்க்கு அடியிலும் புகுந்த பிளாஸ்டர் இறுகி அங்கேயே கொக்கி போட்டுக்கொள்ளும். இழுத்தால் காது போகும், இல்லையென்றால் அச்சு உடையும். உருவம் இப்படி உள்வாங்கிப் போகும் இடங்களைச் சிற்பிகள் அண்டர்கட் என்பார்கள். கொலு பொம்மைகளைக் கவனித்திருந்தால் தெரியும்: முன்பாதி, பின்பாதி என இரண்டே துண்டு கெட்டி அச்சில் எடுப்பதற்காகக் கைகளை உடம்போடு ஒட்டிவைத்து, ஆழமான மடிப்புகளைத் தவிர்த்திருப்பார்கள். உருவத்தை அச்சுக்கு ஏற்ப மாற்றுவது ஒரு வழி. அச்சை வளையவைப்பது இன்னொரு வழி. இங்கே இரண்டாவதைப் பார்க்கப்போகிறோம்: வளையும் ரப்பர் அச்சு செய்து, பின்னால் வெண்கலமாக்கக்கூடிய மெழுகுத் தலையை அதில் வார்ப்பது.

வளையும் அச்சு சிலிகான் வந்த பிறகு பிறந்தது இல்லை. 1917இல் பிரெஞ்சு ஓவியர் எட்கார் தெகா பாரிசில் இறந்தபோது அவருடைய பட்டறையில் மெழுகிலும் களிமண்ணிலும் செய்த ஏறக்குறைய 150 சிற்பங்கள் கிடந்தன. பல சிதைந்திருந்தன. எஞ்சியவற்றில் எழுபதுக்கும் மேற்பட்டவற்றை எப்ரார் வார்ப்படசாலையில் அல்பினோ பலாஸ்ஸோலோ வெண்கலமாக்கினார். மூல மெழுகையே அச்சுக்குள் உருக்கி வெளியேற்றி, அந்த வெற்றிடத்தில் உலோகம் ஊற்றும் நேரடி முறையை அவர் கையாளவில்லை, அதில் மூலம் அழிந்துவிடும். ஜெலட்டின் அச்செடுத்து, அதில் வேறு மெழுகு வார்த்து, அந்த மெழுகைத்தான் நெருப்புக்குக் கொடுத்தார். மூலச் சிற்பங்கள் பிழைத்திருக்கின்றன என்று வெளியே தெரியவந்ததே 1955இல்தான். இன்று அவற்றில் பெரும்பகுதி வாஷிங்டன் தேசிய கலைக்கூடத்தில் இருக்கிறது. ஜெலட்டின் என்றால் நம்மூர்த் தச்சர்களின் வச்சிரப் பசைக்கு உறவுக்காரன்தான். நன்றாக வளையும், ஆனால் சூடு தாங்காது, சில பிரதிகளிலேயே தேய்ந்துவிடும்.

இன்று கையில் இருப்பவை இரண்டு: ரப்பர் பால், சிலிகான் ரப்பர். கன்னியாகுமரிப் பக்கம் இருப்பவர்களுக்கு ரப்பர் பால் மலிவாகக் கிடைக்கும். பிளாஸ்டர் வார்க்க அது போதும். ஆனால் பத்துப் பூச்சுக்குக் குறையாமல் பூசி ஒவ்வொன்றையும் காயவிட வேண்டும், அம்மோனியா வாடை அடிக்கும், காயும்போது சுருங்கும், சூடான மெழுகு திரும்பத் திரும்பப் பட்டால் பிசுபிசுத்துவிடும். மெழுகுக்கு சிலிகான்தான் என் தேர்வு. 200 டிகிரி வரை அசராது, மெழுகு அதில் ஒட்டவும் ஒட்டாது.

சிலிகானிலும் இரண்டு வகை உண்டு. தகரச் சேர்மத்தால் இறுகுவது ஒன்று, பிளாட்டினத்தால் இறுகுவது மற்றொன்று. தகர வகை விலை குறைவு, சண்டித்தனம் குறைவு. ஆனால் நாளடைவில் அரை முதல் ஒரு சதம் வரை சுருங்கும், சில ஆண்டுகளில் வலுவிழந்து கிழியத் தொடங்கும். பிளாட்டின வகை கிட்டத்தட்டச் சுருங்கவே சுருங்காது, நீண்ட நாள் உழைக்கும், ஆனால் கந்தகத்தைக் கண்டால் இறுகவே இறுகாது. இதைப் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். கந்தகம் கலந்த எண்ணெய்க் களிமண்ணில் செய்த ஒரு முகத்தின்மேல் பிளாட்டின சிலிகானைப் பூசி, மறுநாள் திறந்தால் வெளியே ரப்பர், உள்ளே முகத்தைத் தொடும் இடமெல்லாம் பாயசம். முகமும் போயிற்று, முக்கால் கிலோ ரப்பரும் போயிற்று. லேடெக்ஸ் கையுறை போட்டுக்கொண்டு கிளறினாலும் இதே கதை நடக்கும். நைட்ரைல் அல்லது வினைல் கையுறை போடுங்கள். எந்த வகையானாலும் முதலில் அதே களிமண்ணில் ஓர் உருண்டை பிடித்து, மேலே ஒரு கரண்டி ரப்பர் ஊற்றி ஒரு நாள் விட்டுப் பாருங்கள்.

தொடங்குபவர்களுக்குத் தகர வகையே நல்லது. வாங்கும்போது கடினத்தன்மையைக் கேளுங்கள். ஷோர் ஏ அளவில் 20ஐ ஒட்டி இருந்தால் காது, மூக்குக்கு ஏற்றபடி வளையும். 40ஐத் தாண்டினால் கழற்றும்போது மெழுகுதான் முறியும்.

எவ்வளவு வாங்குவது

எடுத்துக்காட்டாகக் கழுத்தோடு சேர்த்து 20 செ.மீ. உயரம், 14 செ.மீ. அகலம் உள்ள தலையை வைத்துக்கொள்வோம். அதன் மேற்பரப்பு சுமார் 1,000 சதுர செ.மீ. வரும். ரப்பர் சராசரியாக 8 மி.மீ. கனம் வேண்டும் என்றால் 800 கன செ.மீ. சிலிகானின் அடர்த்தி ஏறக்குறைய 1.15 என்பதால் 920 கிராம். அடியில் விரியும் விளிம்பு, கிண்ணத்தில் ஒட்டிக்கொள்வது எல்லாம் சேர்த்து 1.2 கிலோ வாங்கினால் பாதியில் கடைக்கு ஓட வேண்டாம். மொத்தச் செலவில் பெரும்பங்கு இதுதான். பிளாஸ்டர் ஒரு 4 கிலோ போதும்.

தலையைத் தயார்செய்தல்

சன்மைக்கா ஒட்டிய பலகையில் தலையை நிறுத்துங்கள். கழுத்தின் அடிப்பக்கம் பலகையோடு இடைவெளியில்லாமல் ஒட்டியிருக்க வேண்டும். பின்னால் மெழுகு ஊற்றப்போகும் வாய் அதுதான். இடைவெளி இருந்தால் ரப்பர் அடியில் ஓடிவிடும்.

ஈரக் களிமண்ணுக்குத் தகர சிலிகானோடு பகை இல்லை, மேலே எதுவும் பூசவும் தேவையில்லை. ஆனால் ரப்பர் வேலையை ஒரே நாளில் முடித்துவிடுங்கள். உள்ளே மண் காய்ந்து வெடித்தால் அந்த விரிசலும் அச்சில் பதிவாகிவிடும். உருவம் பிளாஸ்டரில் இருந்தால் ஸ்பிரிட்டில் கரைத்த அரக்கு இரண்டு கை பூசிக் காயவைத்து, அதன்மேல் வாசலினை மண்ணெண்ணெயில் இளக்கி, மென்மையான துணியால் கண்ணுக்குத் தெரியாத அளவு தேயுங்கள். வாசலின் தடம் இருந்தால் அதுவும் பதியும். சிலிகான் அவ்வளவு விசுவாசி, கைரேகையைக்கூட விடாது. கண்ணாடியும் மினுக்குப் பூசிய பீங்கானும்தான் உண்மையான ஆபத்து, பிரிப்பான் பூசாமல் ஊற்றினால் அதில் கெட்டியாக ஒட்டிக்கொள்ளும்.

ரப்பர் பூசுதல்

கேட்டலிஸ்டை, அதாவது ரப்பரை இறுகவைக்கும் திரவத்தை, கண்ணளவில் ஊற்றாதீர்கள். டிஜிட்டல் தராசு வேண்டும். டப்பாவில் 100க்கு 3 என்று போட்டிருந்தால் 200 கிராம் ரப்பருக்கு 6 கிராம். சீக்கிரம் இறுகட்டும் என்று கூடுதலாகச் சேர்த்தால் இறுகும்தான், ஆனால் சில மாதங்களில் முறுமுறுவென்று கிழியும். கிண்ணத்தின் ஓரத்தையும் அடியையும் வழித்து வழித்து மூன்று நிமிடம் கிளறி, இன்னொரு கிண்ணத்துக்கு மாற்றி மறுபடி கிளறுங்கள். முட்டை அடிப்பதுபோல் அடித்தால் காற்று புகுந்துவிடும். வெயில் காலத்தில் ஒன்றை மறக்க வேண்டாம்: டப்பாவில் 40 நிமிடம் என்று போட்டிருக்கும் வேலை நேரம் சென்னைச் சித்திரையில் 20 நிமிடம்கூட நிற்காது. விடியற்காலையில் தொடங்குங்கள்.

முதல் பூச்சுதான் உயிர். 150 கிராம் போதும், எதையும் கலந்து கெட்டியாக்காமல். கிண்ணத்தை உயரத்தில் பிடித்து, நூல்போல் மெல்லிய தாரையாக உச்சந்தலையில் விழவிட்டால் காற்றுக்குமிழி தாரையிலேயே நீண்டு உடைந்துவிடும். வழிந்து இறங்குவதை மலிவான மென்தூரிகையால் காதுக்குள், இமை மடிப்பில், நாசிக்குள் தள்ளுங்கள். பிறகு உறிஞ்சுகுழலால் ஊதினால் மறைந்திருக்கும் குமிழிகள் வெளியே வந்து உடையும். இந்தப் பூச்சில் விட்ட ஒவ்வொரு குமிழியும் மெழுகில் ஒரு மருவாக வந்து நிற்கும். பொறுமை இங்கேதான் வேண்டும், மற்ற பூச்சுகளில் கொஞ்சம் அசட்டையாக இருந்தாலும் பிழைத்துக்கொள்ளலாம்.

விரலால் தொட்டால் பிசுபிசுக்க வேண்டும், ஆனால் விரலோடு வரக்கூடாது. அதுதான் இரண்டாம் பூச்சுக்கு நேரம். இதில் கொஞ்சம் நிறம் கலந்துகொள்ளுங்கள், சிலிகான் நிறமி ஒரு சொட்டு போதும். பூச்சுக்குப் பூச்சு நிறம் மாறினால் எங்கே மெலிந்திருக்கிறது என்று ஒரே பார்வையில் தெரியும். மூக்கு நுனி, காது விளிம்பு, புருவமேடு ஆகிய மேடுகளிலிருந்து ரப்பர் எப்போதும் நழுவிப் பள்ளத்தில் சேரும். பள்ளம் தடித்திருப்பதைப் பார்த்து மொத்தமும் தடித்துவிட்டது என்று ஏமாறுவது எல்லாருக்கும் நடப்பதுதான்.

மூன்றாவது, நான்காவது பூச்சுக்குக் கெட்டியாக்கும் திரவம் சில சொட்டு விட்டால் ரப்பர் வெண்ணெய்போல் நிற்கும். இந்தக் கட்டத்தில் மருந்துக்கடைக் கட்டுத் துணியைச் சிறு துண்டுகளாக நறுக்கிக் கழுத்துப் பகுதியிலும், பின்னால் வெட்டப்போகும் உச்சி முதல் பிடரி வரையான கோட்டின் இருபுறமும் பதித்துப் பூசுங்கள். கிழிசல் தொடங்குவது அங்கேதான். முகத்தில் துணி வேண்டாம், வளைவு குறையும்.

இப்போது உள்ளே இருப்பதை மறந்து, வெளிப்புற வடிவத்தைப் பாருங்கள். ரப்பருக்கு மேலே வரப்போகும் பிளாஸ்டர் கூடு கெட்டியானது. ஆகவே அதற்கு அண்டர்கட் இருக்கவே கூடாது. காதுக்குப் பின்னால், முகவாய்க்குக் கீழே, கண்குழியில் எல்லாம் கெட்டி ரப்பரை அப்பி மேடாக்குங்கள். நேர் முன்னாலிருந்து பார்த்தால் முன்பாதி முழுக்கத் தெரிய வேண்டும், நேர் பின்னாலிருந்து பின்பாதி. எங்காவது மறைந்தால் அங்கே கூடு மாட்டும். ஒரு முறை முகவாய்க்கடியில் போதுமான அளவு நிரப்பாமல் விட்டேன். கூட்டைச் சுத்தியால் உடைத்துத்தான் எடுக்க வேண்டியிருந்தது.

கடைசியாக நெற்றியிலும் கன்னங்களிலும் பிடரியிலும் பட்டாணி அளவு ரப்பர் பொத்தான்கள் ஐந்தாறு ஒட்டுங்கள். கூட்டுக்குள் ரப்பர் தன் இடத்தை நினைவில் வைத்துக்கொள்ள அவைதான் உதவும். பலகைமேல் கழுத்தைச் சுற்றி 3 செ.மீ. விளிம்பும் இருக்கட்டும். ஒரு நாள் முழுக்க விடுங்கள்.

பிளாஸ்டர் கூடு

வளையும் அச்சு என்றதும் பலர் இந்தக் கட்டத்தைத் தாண்டிப் போகப் பார்க்கிறார்கள். கூடு இல்லாமல் மெழுகு ஊற்றினால் அதன் எடையில் ரப்பர் பலூன்போல் உப்பும். ஒல்லியாகச் செய்த தாத்தாவுக்கு இரட்டை முகவாய் வந்துவிடும்.

கூட்டை முன், பின் என இரண்டு பாதியாகச் செய்யலாம். ரப்பரை வெட்டப்போவது பின்பக்க நடுவில், கூடு பிரிவதோ காதுகளின் வழியே. இரண்டு கோடும் ஒன்றின்மேல் ஒன்று வராததால் வெட்டை மூடி அழுத்திக்கொள்ளும் வேலையைப் பின்பாதிக் கூடே பார்த்துக்கொள்ளும். ஒரு பக்கக் கழுத்தடியிலிருந்து காது, உச்சந்தலை, மறு காது வழியே மறுபக்கக் கழுத்தடி வரை ரப்பர்மேல் 3 செ.மீ. உயரத்துக்குக் களிமண் சுவர் கட்டுங்கள். சுவரின் முன்பக்கத்தில் ஸ்பூன் நுனியால் மூன்று குழி தோண்டுங்கள். அவை பூட்டுகள்.

பிளாஸ்டரைத் தண்ணீரில் தூவ வேண்டும், தண்ணீரைப் பிளாஸ்டரில் ஊற்றக்கூடாது. 700 மில்லி தண்ணீருக்கு ஏறக்குறைய ஒரு கிலோ. மேலே சிறு தீவுகள்போல் தெரியும்வரை தூவி, இரண்டு நிமிடம் ஊறவிட்டுப் பிறகு கலக்குங்கள். முன்பாதியில் முதலில் ஒரு மெல்லிய பூச்சு, அதன்மேல் பிளாஸ்டரில் முக்கிய தேங்காய் நாரோ சாக்குத் துணியோ, மேலே மறுபடி பிளாஸ்டர். 2 செ.மீ. கனம் வரட்டும். அரைமணி நேரம் கழித்துச் சுவரை எடுத்துவிட்டு, வெளிப்பட்ட பிளாஸ்டர் விளிம்பில் வாசலின் தாராளமாகத் தடவி, பின்பாதியைப் போடுங்கள். வாசலினை மறந்தால் இரண்டு பாதியும் ஒரே கல்லாகிவிடும். இறுகும்போது பிளாஸ்டர் சுடும். கையை அதற்குள் புதைத்து விளையாட வேண்டாம், தோல் வெந்துபோகும். மிச்சத்தைச் சாக்கடையில் கொட்டினால் குழாய் அடைத்துக்கொள்ளும்.

கூடு ஆறிய பிறகு பாதிகளைப் பிரித்து, ரப்பரை உச்சியிலிருந்து பிடரி வழியே விளிம்பு வரை கத்தியால் கீறுங்கள். கோடு பாம்புபோல் வளைந்து வளைந்து போகட்டும். நேர்கோட்டு வெட்டு மூடும்போது நழுவும், வளைந்த வெட்டு தானாகப் பல்லோடு பல் சேரும். களிமண்ணை எடுத்துக் கழுவி, ரப்பரைக் கூட்டுக்குள் வைத்து இரண்டு மூன்று நாள் ஆறவிடுங்கள். உடனே மெழுகு ஊற்றினால் ஆயுள் குறையும்.

மெழுகு

சுவாமிமலையில் தேன்மெழுகோடு குங்கிலியமும் எண்ணெயும் சேர்த்துப் பதம் பார்ப்பார்கள். கையால் உருவம் பிடிக்க அந்தப் பதம் அருமையானது. அச்சில் ஊற்ற நமக்கு வேண்டியது வேறு: உருகினால் நன்றாக ஓட வேண்டும், ஆறினால் முறியாமல் கொஞ்சம் வளைய வேண்டும். வெறும் பாரஃபின், அதாவது சாதாரண மெழுகுவத்தி மெழுகு, சுருங்கி வெடிக்கும். நான் மைக்ரோ மெழுகு (பாரஃபினைவிட வளையும் பெட்ரோலிய மெழுகு) இரண்டு பங்கு, பாரஃபின் ஒரு பங்கு கலக்கிறேன். மைக்ரோ கிடைக்காவிட்டால் தேன்மெழுகும் பாரஃபினும் சரிபாதி.

நேரடி நெருப்பில் மெழுகை உருக்காதீர்கள். கொதிநீர்ப் பாத்திரத்துக்குள் இன்னொரு பாத்திரம் வைத்து உருக்குங்கள். அப்படியும் தீப்பிடித்தால் மூடியால் மூடுங்கள், அடுப்பை அணையுங்கள். தண்ணீர் ஊற்றினால் தீ மேலே பீறிடும்.

கூட்டின் இரு பாதியையும் சைக்கிள் டியூப் துண்டுகளால் இறுகக் கட்டி, மணல் நிரப்பிய வாளியில் கழுத்துவாய் மேலே இருக்கும்படி நிறுத்துங்கள். அச்சு சில்லென்று இருந்தால் கட்டுவதற்கு முன் கொஞ்சம் வெயிலில் வையுங்கள். முதல் ஊற்று 85 டிகிரி. இப்போது தலை தலைகீழாக இருக்கிறது என்பதை நினைவில் வையுங்கள். மூக்கு நுனி, முகவாய், காதுமடலின் அடி ஆகியவற்றில் காற்று மாட்டிக்கொள்ளும். எனவே அச்சை முகப்பக்கமாகச் சாய்த்துக்கொண்டு மெதுவாக ஊற்றி, பிறகு நிமிர்த்தி, எல்லாப் பக்கமும் உருட்டி, விளிம்பு வரை நிரப்பி, 15 விநாடியில் திரும்பப் பாத்திரத்தில் கவிழ்த்துவிடுங்கள். உள்ளே ஒரு மெல்லிய தோல் படிந்திருக்கும். அதன் பளபளப்பு மங்கும்வரை காத்திருந்து இரண்டாம் ஊற்றை 75 டிகிரியில் கொடுங்கள். அப்புறம் பாத்திரத்தின் ஓரத்தில் ஆடை கட்டத் தொடங்கும் நிலையில், 68 முதல் 70 டிகிரிக்குள், மூன்று நான்கு முறை. அடுத்த ஊற்று சூடாக இருந்தால் முந்தைய தோலைக் கரைத்துக்கொண்டு போய்விடும். முதல் ஊற்று குளிர்ந்திருந்தால் கன்னத்தில் அலைவரி விழும்.

கழுத்து விளிம்பில் கத்தியால் கீறிக் கனம் பாருங்கள். 5 மி.மீ. வந்தால் நிறுத்தலாம். நம் தலைக்கு 450 கிராம் மெழுகுக்கு மேல் போகாது. குளிர்சாதனப் பெட்டியில் வைத்து அவசரப்படுத்தினால் விரிசல் விழும். ஒரு மணி நேரம் தானாக ஆறட்டும். கூட்டைப் பிரித்து, பின் வெட்டிலிருந்து தொடங்கி, முதலில் காதுகளை விடுவித்து, மூக்கைக் கடைசியாக, காலுறை கழற்றுவதுபோல் உருட்டி எடுங்கள். உள்ளே இலேசான வெதுவெதுப்பு இருக்கும்போது எடுப்பதே நல்லது. முழுக்கக் குளிர்ந்துவிட்டால் மெழுகு முறிய வாய்ப்பு அதிகம்.

பிடரியில் வெட்டின் தடம் மெல்லிய வரப்பாக வந்திருக்கும். சுடவைத்த கத்தியால் சீவுங்கள். குமிழிக் குழிகளில் உருகிய மெழுகைச் சொட்டி நிரப்பி, மண்ணெண்ணெய் தொட்ட துணியால் லேசாகத் துடைத்தால் சேர்ந்துவிடும். தலைமுடியை இந்தக் கட்டத்தில் மறுபடி செதுக்குவேன். ஒரே அச்சில் பிறந்த மூன்று தலைகளுக்கும் மூன்று விதமாக.

வெண்கலத்துக்குக் கொடுக்கும் முன்

மெழுகுக்கும் வெண்கலத்துக்கும் அடர்த்தி வித்தியாசம் ஒன்பது மடங்குக்கு மேல். 450 கிராம் மெழுகுத் தலை 4 கிலோவைத் தாண்டும். உலோகம் ஓடும் வாய்க்கால், ஊற்றுவாய்க்கெல்லாம் தனி. ரப்பர், மெழுகு, உலோகம் மூன்றும் தன் பங்குக்குச் சுருங்குவதால் 20 செ.மீ. தலை கடைசியில் 19.4 செ.மீ. அளவில் நிற்கும். அளவு முக்கியம் என்றால் களிமண்ணிலேயே மூன்று சதம் பெரிதாகச் செய்துவிடுங்கள்.

சோழர் காலப் படிமங்கள் பெரும்பாலும் உள்ளே கெட்டியானவை. சுவாமிமலையின் மரபும் அதுவே. அங்கே ஒவ்வொரு மெழுகும் கையால் பிடித்தது, அதன்மேல் காவிரி வண்டல் பூசிய மண்ணச்சு ஒரே வார்ப்போடு உடைபடும். நம்முடையதோ உள்ளே வெறுமையானது. ஆகவே உள்ளே தனியாகக் கரு, அதாவது சூடு தாங்கும் கலவை, நிரப்ப வேண்டும், மெழுகு ஓடியபின் அது மிதக்காமலிருக்க ஆணிகள் குத்த வேண்டும். இது வழக்கமான வேலை இல்லை என்பதால், வார்ப்பவரிடம் மெழுகைக் கொண்டுபோவதற்கு முன்பே பேசிவிடுங்கள். என் முதல் தலையை அப்படிச் சொல்லாமல் கொண்டுபோய் நீட்டினேன். பெரியவர் கழுத்துக்குள் விரலை விட்டுப் பார்த்து, "என்ன தம்பி, உள்ளே ஒண்ணுமே இல்லையே" என்றார்.

அச்சைத் தனியாக அலமாரியில் போட்டுவைக்காதீர்கள். எப்போதும் கூட்டுக்குள், உள்ளே ஒரு பிளாஸ்டர் தலையோடு, வெயில் படாத இடத்தில். கூட்டின்மேல் தேதியையும் ரப்பரின் வகையையும் பென்சிலால் எழுதிவிடுங்கள். உள்ளே ஒன்றும் வைக்காமல், மேலே நான்கு பெட்டிகளை அடுக்கி, கூடில்லாமல் ஒரு மழைக்காலம் விட்டுவைத்த அச்சு ஒன்று என்னிடம் இருக்கிறது. அதில் வார்க்கும் எல்லாருக்கும் மூக்கு இடப்பக்கம் சாய்ந்தே வருகிறது.